டோக்கியோ நாட்குறிப்பு, முதல் நாள்: ஆற்றங்கரையில் முள்ளங்கிப் பிள்ளையார்

நியூ ஜெர்சிக்கும் டோக்கியோவுக்கும் இப்போது 13 மணி நேர வித்தியாசம். அக்டோபர் கடைசி வாரம், அமெரிக்காவில் கடிகாரத்தை இன்னும் ஒரு மணி பின்னால் தள்ளவில்லை. தள்ளிவிட்டால் 14 ஆகிவிடும். ஆக, இங்கே விடியற்காலை மூன்று என்றால் உடம்புக்குள் மத்தியானம் இரண்டு. அந்த நேரத்தில் எப்படித் தூக்கம் வரும்? (கும்பகோணத்தில் வரும். அது வேறு விஷயம்.)

பக்கத்துக் கட்டிலில் அம்மா எழுந்து உட்கார்ந்து தலையை முடிந்துகொண்டிருந்தாள். ஆறு மாதம் எங்களோடு இருந்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறாள். நேராகப் போக வேண்டாம், ஜப்பான் வழியாகப் போகலாம், நானும் லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்று நான்தான் இழுத்து வந்தேன். நேற்று சாயங்காலம் ஹனேதா விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மாறாமல் வரும் ரயிலிலேயே அசாகுசா வந்து சேர்ந்தோம். பெட்டியைத் திறந்து வைத்தால் கதவைத் திறக்க முடியாத அளவுக்கு ஒரு ரூம்.

"என்னடி, விடிஞ்சுடுத்தா?"

"இல்லம்மா, மூணுதான் ஆறது."

"சரி, குளிச்சுடறேன்."

காவிரிக்கரைக்காரிக்கு எந்த ஊரிலும் நாலு மணிக்கு மேல் படுக்கை கொள்ளாது. ஜெட்லாக் எல்லாம் என்னை மாதிரி ஆட்களுக்குத்தான்.

அசாகுசா என்பது டோக்கியோவின் வடகிழக்கில், சுமிதா ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் பழைய பேட்டை. அதற்கு நடுவில் சென்சோஜி கோவில். ஆசியாவின் முதல் சுரங்க ரயில் 1927 டிசம்பரில் ஓட ஆரம்பித்தது உவேனோவிலிருந்து இந்த அசாகுசாவுக்குத்தான், 2.2 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் நாடகமும் சினிமாவும் பார்க்க ஊரே இங்கே வந்து குவிந்திருக்கிறது. இப்போது அந்த இடத்தைச் சுற்றுலாக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பகலில் வந்தால் முதுகுகளைத்தான் பார்க்க முடியும் என்று பலர் எழுதியிருந்தார்கள். நாங்கள்தான் மூன்று மணிக்கே தயாராகிவிட்டோமே!

முதலில் வயிறு. தெருமுனையில் இரவு முழுக்கத் திறந்திருக்கும் கொன்பினி கடை. அம்மா முட்டைகூடத் தொட மாட்டாள். ஜப்பானில் காய்கறிக் குழம்பு என்று நினைத்து வாங்கினாலும் அடியில் மீன் சாறு இருக்கும். கட்சுவோ என்ற மீனைக் காயவைத்துச் சீவி, அதைக் கொதிக்கவைத்து எடுக்கும் தாஷிதான் இங்கே பாதிச் சமையலுக்கு அடித்தளம். போன் கேமராவை ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்திலும் காட்டி மொழிபெயர்த்துப் பார்த்துக்கொண்டு நான் நின்ற நேரத்தில், அம்மா நேராகப் போய் மூன்று சாமான் எடுத்து வந்துவிட்டாள்: சூடாக்கிச் சாப்பிடும் வெள்ளைச் சோறு ஒரு டப்பா, சர்க்கரை போடாத தயிர், சிவப்பாக ஏதோ ஊறிக்கிடந்த ஒரு சின்னப் பெட்டி. அது உமெபோஷி. உப்பில் ஊறவைத்து வெயிலில் காயவைத்த ஒரு காய். நல்லவேளை, அதில் மீன் சேர்க்காத வகைதான் அகப்பட்டது.

ரூமில் வந்து தயிர்சாதம் பிசைந்தாயிற்று. உமெபோஷியைத் தொட்டு நாக்கில் வைத்த அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். "நார்த்தங்காய்க்குத் தம்பி இது" என்றாள். உண்மைதான். அந்த அரிசியும் ஒட்டிப் பிசைய வாகாக இருந்தது. ஜப்பானில் என் முதல் சாப்பாடு தயிர்சாதம் என்று சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஐந்து மணிக்குக் காமினாரிமோன், சென்சோஜியின் வெளிவாசல். இடி வாசல் என்று அர்த்தம். வலது பக்கம் காற்றுக் கடவுள், இடது பக்கம் இடிக் கடவுள், நடுவில் அந்தப் பிரசித்தி பெற்ற சிவப்பு விளக்கு: உயரம் 3.9 மீட்டர், எடை 700 கிலோ வாக்கில். காகிதமும் மூங்கிலும்தான். புயல் வந்தால் குடையை மடக்குவது கணக்காக மேலே மடக்கி வைத்துவிடுவார்களாம். பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுசு. இப்போது தொங்குவது 2020இல் மாட்டியது. எல்லோரும் எதிரே நின்று படம் எடுக்கிறார்கள். அடியில் போய் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். விளக்கின் அடிவட்டத்தில் மரத்தில் ஒரு டிராகன் சுருண்டு கிடக்கிறது. செதில் செதிலாகச் செதுக்கியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அங்கே இருந்தது நாங்களும், சைக்கிளில் வந்து இறங்கி, வாசலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, மறுபடி ஏறிப் போன ஒரு பெரியவரும்தான்.

வாசலின் கதை சுவாரஸ்யம். 1865இல் எரிந்துபோய், 95 வருஷம் வெற்றிடமாகக் கிடந்திருக்கிறது. 1960இல் கட்டிக்கொடுத்தவர் மாத்சுஷிதா கொனோசுகே, பானாசோனிக்கைத் தொடங்கியவர். இங்கே வேண்டிக்கொண்டு உடம்பு தேறியதற்கான காணிக்கை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. "வேண்டுதல்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

வாசலிலிருந்து கோவில்வரை நாகமிசே கடைத்தெரு, சுமார் 250 மீட்டர். கடைகள் எல்லாம் மூடியிருந்ததில் ஒரு லாபம்: ஷட்டர்களில் வரைந்திருக்கும் ஓவியங்கள். திருவிழாவும் பருவங்களும் பழைய நகரமுமாக ஷட்டருக்கு ஷட்டர் படம் தொடர்ந்து போகிறது. பகலில் கடை திறந்ததும் இதெல்லாம் சுருண்டு மேலே போய்விடும். அதாவது, கூட்டத்துக்காக வருகிறவர்களுக்கு இது கிடைக்காது. தூக்கம் கெட்டவர்களுக்கு மட்டும்.

ஆறு மணிக்கு மணி அடித்தது. கோவிலுக்குத் தென்கிழக்கே பென்தென்யாமா என்று ஒரு சின்ன மேடு இருக்கிறது. அதில் உள்ள மணி 1692இல், அப்போது நாட்டை ஆண்ட ஐந்தாம் ஷோகுன் (படைத்தலைவர்) த்சுனயோஷியின் ஆணையில் வார்த்தது. தொங்கும் கட்டையை இழுத்து விட்டு, அதிர்வு அடங்கும்வரை பொறுத்து, அடுத்தது. அந்த மேட்டில் குடியிருப்பவள் பென்ஸாய்தென். கையில் வீணைக்குப் பதிலாக பிவா என்ற வாத்தியம் வைத்திருக்கும் நம் சரஸ்வதி. இங்கே அவளுக்கு நரைத்த தலை. கிழவி சரஸ்வதி! அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. "அத்தனை படிச்சவளுக்கு நரைக்காம இருக்குமா?"

அக்டோபரிலிருந்து மார்ச்வரை பிரதான மண்டபம் 6.30க்குத் திறக்கிறது. பேரிகை முழங்கக் கதவைத் தள்ளி, துறவிகள் ஓத ஆரம்பித்தார்கள். இருபது பேர் இருந்திருப்போம். பாதிப் பேர் வேலைக்குப் போகிற உடுப்பில், கைப்பையோடு. ஐந்து யென் காசைப் பெட்டியில் போட்டு, கைகூப்பி, திரும்பி நடையைக் கட்டினார்கள்.

கதை 628இல் நடக்கிறது. அண்ணன் தம்பி இரண்டு மீனவர்கள் சுமிதா ஆற்றில் வலை வீசியபோது சின்னதாக ஒரு கன்னோன் சிலை சிக்கியது. ஊர்த்தலைவர் அதைத் தன் வீட்டிலேயே வைத்துக் கோவிலாக்கினார். அந்தச் சிலையை யாருக்கும் காட்டுவதில்லை. மூலஸ்தானத்துக்குள் திரைக்குப் பின்னால் என்றென்றைக்கும் மறைபொருள். கன்னோன் என்பது அவலோகிதேஸ்வரர், கருணையே உருவான போதிசத்துவர். சோழர் காலத் தமிழ் இலக்கண நூல் ஒன்று அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்ததே இந்த அவலோகிதர்தான் என்கிறது. ஆக நமக்கும் தூரத்துச் சொந்தம். அந்த மூன்று பேர் என்ன ஆனார்கள்? தெய்வமாகிவிட்டார்கள். பக்கத்திலேயே அவர்களுக்கு அசாகுசா ஷ்ரைன் என்ற ஷிண்டோ கோவில், 1649இல் கட்டியது. மே மாதம் நடக்கும் சஞ்சா திருவிழா இவர்களுக்குத்தான்.

அம்மா தூணைத் தட்டிப் பார்த்தாள்.

"சிமெண்டுன்னா இது? ஆயிரத்து நானூறு வருஷம்னு சொன்னே?"

சிமெண்டுதான். 1945 மார்ச் 10 அமெரிக்கக் குண்டுவீச்சில் பழைய மண்டபம் எரிந்துபோய், 1958இல் கான்கிரீட்டில் கட்டினார்கள். 2010இல் கூரை ஓட்டை டைட்டானியத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். ஐந்தடுக்குக் கோபுரம் 1973. அதன் உச்சியில் அனுராதபுரத்து இசுறுமுனிய விகாரையிலிருந்து வந்த புத்தரின் தாது இருக்கிறது. எரியாமல் தப்பியவற்றில் அந்த ஷ்ரைனும், கிழக்கே நிதென்மோன் வாசலும், சில மரங்களும் உண்டு. மண்டபத்துக்கு அருகே ஒரு கிங்கோ மரம் நிற்கிறது. தண்டின் ஒரு பக்கம் கரிந்து, உள்ளே குடைந்து, அந்தக் கருப்பைச் சுற்றிப் புதுப்பட்டை உதடு மடிந்து வளர்ந்திருக்கிறது. இலை இன்னும் மஞ்சளாகவில்லை. கான்கிரீட் மண்டபத்தை "போலி" என்று உதறிவிட்டுப் போகும் பயணிகளை எனக்குப் புரியவில்லை. இங்கே பழசு என்பது கட்டடத்தில் இல்லை, ஆறரை மணிக்குக் கைப்பையோடு வந்து நிற்பதில் இருக்கிறது.

சீட்டுப் பார்க்காமல் வரலாமா? 100 யென்னைத் துளையில் போட்டு, உலோகக் குடுவையைக் குலுக்கிக் கவிழ்த்தால் ஒரு குச்சி வெளியே வரும். குச்சியில் உள்ள எண்ணுக்கான இழுப்பறையைத் திறந்து சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டியது. காவலுக்கு ஆள் கிடையாது. சென்சோஜியின் சீட்டுகள் கறாரானவை. நூற்றில் முப்பது கெட்டது. எனக்கு அதுதான் வந்தது: நோய் நீளும், தொலைந்த பொருள் கிடைக்காது, பயணம் நல்லதல்ல. விமானத்திலிருந்து இறங்கி ஒரு நாள் ஆகாதவளிடம் இதைச் சொல்லலாமா! கெட்ட சீட்டை மடித்து அங்கே இருக்கும் கம்பியில் கட்டிவிட்டு வந்துவிடலாம். ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் தொங்கின. அம்மாவுக்கு நல்ல சீட்டு. பர்ஸில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். வெளியே பெரிய ஊதுவத்திக் கொப்பரையில் புகை எழும்ப ஆரம்பித்திருந்தது. வலி இருக்கிற இடத்தில் அந்தப் புகையைத் தடவிக்கொள்ள வேண்டும் என்று சொன்னதும், புடவையை லேசாகத் தூக்கி இரண்டு முழங்காலுக்கும் மாறி மாறி அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

எட்டு மணிக்கு மேல் கூட்டம் வர ஆரம்பித்தது. நாங்கள் ஆற்றங்கரையோரமாக வடக்கே நடந்தோம். எதிர்க்கரையில் 634 மீட்டர் ஸ்கைட்ரீ. பார்க்க வேண்டும் என்று முயற்சி எதுவும் தேவையில்லை, எங்கே திரும்பினாலும் நிற்கிறது.

பத்து நிமிஷ நடையில் மாத்சுச்சியாமா. மலை என்று பெயர், உயரம் பத்து மீட்டர் சொச்சம். அதற்கும் ஒரு குட்டிப் பெட்டி ரயில் விட்டிருக்கிறார்கள், இலவசம், முழங்கால் வலிக்காரர்களுக்காக. நாலு பேர் உட்காரலாம். ஏறிப் பொத்தானை அமுக்கினால் முனகிக்கொண்டே மேலே போகிறது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்து வந்தாள். "பழனி விஞ்ச் இதைவிட வேகம்."

மேலே இருப்பவர் யார் என்று நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. கோவில் முழுக்க முள்ளங்கி. படிக்கட்டுப் பக்கச் சுவரில் முள்ளங்கி, விளக்கில் முள்ளங்கி, எங்கு பார்த்தாலும் இரண்டு வேர் பின்னிய முள்ளங்கிச் சின்னம். அதோடு கூடவே ஒரு சுருக்குப்பை. சுருக்குப்பை வியாபாரம் செழிக்க, பின்னிய முள்ளங்கி தம்பதி ஒற்றுமைக்கு. அலுவலக ஜன்னலில் முழு முள்ளங்கி விற்கிறார்கள், நல்ல முழங்கை நீளம். வாங்கி, செருப்பைக் கழற்றி, உள்ளே போய்ச் சன்னிதியில் வைக்க வேண்டும். மனிதனுடைய கோபம் முதலான விஷங்களை முள்ளங்கி முறிக்கும், அதனால் அதைச் சுவாமியிடம் ஒப்படைப்பது என்று அர்த்தம்.

"யாருடி இவர்?"

"கங்கிதென்னு பேரும்மா. யானைத் தலை."

ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாள். அப்புறம் இரண்டு கையாலும் தலையில் குட்டிக்கொண்டு, தோப்புக்கரணம் போட முழங்கால் இடம்கொடுக்காததால் காதை மட்டும் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் ஜெபித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி கண்ணைத் திறந்து இதை முழுசாகப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி மறுபடி மூடிக்கொண்டாள்.

விநாயகர் தாந்திரீக பௌத்தத்தின் வழியாகச் சீனா போய், அங்கிருந்து ஜப்பான் வந்திருக்கிறார். இந்தியாவிலேயே பழைய கணபதிச் சிற்பங்கள் சிலவற்றில் கையில் முள்ளங்கி உண்டு. நம் பக்கத்தில்தான் அதை மறந்து கொழுக்கட்டையை மட்டும் வைத்துக்கொண்டோம். கொழுக்கட்டையும் கூடவே வந்திருக்கிறது. கங்கிதான் என்று ஒரு பலகாரம், உள்ளே இனிப்புப் பயறு வைத்து, சுருக்குப்பை வடிவில் முடிந்து, எண்ணெயில் பொரிப்பது. கியோட்டோவில் கிடைக்கும், அங்கே போகும்போது தேட வேண்டும். இங்கே சிலையைக் காட்டுவதில்லை. ஏனென்றால் கங்கிதென் பெரும்பாலும் இரட்டை உருவம், யானைத் தலையோடு ஓர் ஆணும் பெண்ணும் தழுவி நிற்பது. அடங்காத விநாயகனை அடக்க கன்னோனே பெண் வடிவில் வந்து தழுவியதாகக் கதை.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, பாதி மென்று விழுங்கிச் சொன்னேன். நம்மூரில் அவர் பிரம்மச்சாரி. தன் அம்மாவை மாதிரிப் பெண் வேண்டும் என்று ஆற்றங்கரையில் காத்திருக்கிறவர். அம்மா கீழே சுமிதா ஆற்றைப் பார்த்தாள்.

"இங்கேயும் ஆத்தங்கரைதான். ஆனா கெடச்சுடுத்து, பாரு."

கிளம்பும்போது பிரசாதமாக ஆளுக்கு ஒரு முள்ளங்கி எடுத்துக்கொள்ளலாம் என்று பலகை வைத்திருந்தார்கள், சன்னிதியில் வைத்து எடுத்தவை. அம்மா நன்றாகத் தேர்ந்து ஒன்றை எடுத்தாள். இந்த ஊரில் எங்களுக்கு அடுப்பில்லை, கத்தியில்லை என்பதை நான் நினைவூட்டினேன். சுவாமி கொடுத்ததை வேண்டாம் என்பார்களா என்றாள்.

கீழே இறங்கினால் கொதொதொய் பாலம். 1945 மார்ச் 10 இரவு, இரண்டு கரையிலிருந்தும் நெருப்புக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் இந்தப் பாலத்தில் எதிரெதிராகச் சிக்கிக்கொண்டார்கள். நெருப்பு பாலத்தின் மேலேயே வந்தது. அந்த ஒரே இரவில் டோக்கியோவில் செத்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். கரைப் பூங்காவில் நினைவுக்கல் இருக்கிறது. பக்கத்தில் பாலத்தின் பழைய ஓரக்கற்கள் சிலவற்றைப் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். சாதாரணக் கற்கள். அம்மா முள்ளங்கியை என் கையில் கொடுத்துவிட்டு அங்கே கும்பிட்டாள். ஒருவர் நாயோடு வந்து, ஒரு பாட்டில் தண்ணீரைக் கல்லின் முன் வைத்துவிட்டுப் போனார்.

பத்து மணிக்கு மேல் எழுத அதிகமில்லை. நாகமிசே திறந்துவிட்டது, ஓவியங்கள் சுருண்டுவிட்டன. சோயா மணக்கும் அரிசி அப்பளம், மாவு தூவிய தினை உருண்டை. நடந்துகொண்டே சாப்பிடக் கூடாது, கடை வாசலிலேயே நின்று முடித்துவிட வேண்டும். அங்கிருந்து ஹோட்டல்வரை ஒரே தள்ளுமுள்ளு.

மாலை நான்கு மணிக்குத்தான் ஜெட்லாக் உண்மையான முகத்தைக் காட்டியது. காபி குடித்துக்கொண்டே தூங்கினேன். அதற்குக் காரணம் உண்டு: டோக்கியோவில் நான்கு என்றால் நியூ ஜெர்சியில் விடியற்காலை மூன்று, உடம்புச் சூடு அதலபாதாளத்துக்குப் போகும் நேரம். மூளைக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு நாளைக்கு ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றரை மணிதான் நகரும். கணக்குப் போட்டால் அது டோக்கியோ நேரத்துக்கு வந்து சேரும்போது நாங்கள் சென்னையில் இருப்போம். வெயிலில் நில், மத்தியானம் படுக்காதே, இரவு எட்டுவரை தாக்குப்பிடி என்று எல்லோரும் சொல்வதைத்தான் நானும் செய்து பார்க்கிறேன். அம்மா அப்படியெல்லாம் ஒன்றும் செய்யவில்லை. ஐந்து மணிக்குப் படுத்து, குறட்டைவிட்டு, ஆறரைக்கு எழுந்து முள்ளங்கியைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். இருக்கிற தயிரில் பச்சடி போடலாமாம், துருவ மட்டும் ஏதாவது வேண்டுமாம்.

நாளைக்குக் கப்பாபாஷி. இங்கிருந்து நடக்கிற தூரம், 800 மீட்டர் தெரு முழுக்கச் சமையல் பாத்திரக் கடைகள். ஜப்பான்காரர்கள் முள்ளங்கி துருவுவதற்கென்றே செம்பில் பல் வெட்டிய துருவி செய்கிறார்கள், அது அங்கே கிடைக்கும். அம்மாவுக்கு ஒரு தோசைக்கல்லும் வேண்டும். ஜப்பானில் போய் யாராவது தோசைக்கல் வாங்குவார்களா என்று கேட்டேன். தெரு முழுக்கப் பாத்திரக்கடையை வைத்துக்கொண்டு தட்டையாக ஒரு இரும்பு இல்லாமலா போகும் என்கிறாள். கடைகள் காலை பத்து மணி வாக்கில் திறக்கும்.